எழுத்துத் தெரிகிறது, வார்த்தை வரவில்லை: பெற்றோர் கேள்விகளுக்கு ஒரு டீச்சரின் பதில்கள்

குடியாத்தம் பக்கத்தில் 31 வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் பிள்ளைக்குப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது பற்றி நம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துப் பெற்றோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

காட்பாடியிலிருந்து ஓர் அம்மா: பையனுக்கு ஐந்து வயது. எல்லா எழுத்தும் சொல்கிறான். ஆனால் ‘படம்’ என்று எழுதினால் ‘ப, ட, இம்’ என்கிறான். சேர்த்துச் சொல் என்றால் ‘படஇம்’ என்றுதான் வருகிறது, டீச்சர்.

அவன் மேல் தப்பே இல்லைம்மா. ‘இம்’ என்பது அந்த எழுத்துக்கு நாம் வைத்த பெயர். வார்த்தைக்குள் வந்துவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, வாயை மூட வேண்டும், அவ்வளவுதான். இதை விளக்கிச் சொன்னால் புரியாது. எதிரில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ‘பட’ என்று சொல்லிவிட்டு உதட்டை மூடி ‘ம்ம்ம்’ என்று இழுங்கள். அவன் விரலை உங்கள் உதட்டின் மேல் வைத்துப் பார்க்கட்டும். அப்புறம் சிலேட்டில் ‘பட’ மட்டும் எழுதுங்கள். அவன் படித்ததும் பக்கத்தில் ‘ம்’ போடுங்கள். அவன் வாய் தானாக மூடும். என் வகுப்பில் ஒரு பெண் ‘ம்’ வந்தாலே உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஒரு வாரம் அப்படியே படித்தாள். பிறகு கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

அடுத்தது ‘ல்’: கல், பல், கடல். நாக்கு மேலே ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ம், ல், ர் இவற்றை இழுத்துச் சொல்ல முடியும், அதனால் சேர்ப்பது எளிது. க், ட், ப் இழுக்க வராது. பக்கம், பட்டம், கப்பல் எல்லாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆற்காட்டிலிருந்து ஓர் அப்பா: 247 எழுத்தும் முடித்த பிறகுதானே வார்த்தை?

வேண்டாம் தம்பி. அத்தனையும் முடிக்கும்வரை காத்திருந்தால் பிள்ளைக்குப் படிப்பின் மேல் ஆசையே போய்விடும். ப, ட, ம, க, ல, ர என்று ஆறு எழுத்து போதும். முதலில் புள்ளியும் வேண்டாம், காலும் கொம்பும் வேண்டாம். படபட, கடகட, மடமட, கமகம, கலகல, பரபர. இரண்டே எழுத்தில் ஒரு முழு வார்த்தை, அதுவும் பிள்ளை தினமும் கேட்கிற வார்த்தை. ‘பிரியாணி எப்படி மணக்குது?’ என்று கேட்டுவிட்டு ‘கமகம’வைக் காட்டிப் பாருங்கள், கத்திப் படிப்பாள். நம் மொழியில் இப்படி ஒரு சொத்து இருப்பதை யாரும் வீட்டில் பயன்படுத்துவதில்லையே என்று எனக்கு ஆதங்கம் உண்டு. அதே ஆறு எழுத்தோடு ம், ல், ர் சேர்ந்தால் படம், மரம், கல், பல், கடல், பகல், மலர் எல்லாம் வந்துவிடும்.

அதற்கடுத்து ‘கால்’ போடுங்கள்: பால், மாலா, பாடம். உகரத்தைக் கடைசியில் வையுங்கள். கு ஒரு மாதிரி, பு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். பிள்ளைகள் அதிகம் திணறுவது அங்கேதான்.

மேல்விஷாரத்திலிருந்து ஓர் அம்மா: வீட்டில் உருது பேசுகிறோம். மகள் சில சமயம் வார்த்தையைக் கடைசி எழுத்திலிருந்து படிக்கிறாள்.

காலையில் அரபிப் பாடத்தில் வலமிருந்து இடமாகப் படித்துவிட்டு வருகிற பிள்ளைதானே? பயப்பட ஒன்றும் இல்லை. தமிழ் வரியின் இடப்பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு பொட்டு வைத்து, ‘இங்கிருந்து கிளம்பு’ என்று சொல்லுங்கள். சில வாரத்தில் பழகிவிடும்.

இன்னொன்று முக்கியம். தெரியாத வார்த்தையைப் பிள்ளை படிக்காது. நம் ‘க’ கல்லில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி ஒலிக்கும். ‘ப, க, ல்’ என்று கூட்டுகிற பிள்ளைக்குப் ‘பகல்’ என்ற சொல் காதில் ஏற்கெனவே இருந்தால்தான் சரியான ஒலியில் போய் நிற்கும். அதனால் படிக்கப்போகும் வார்த்தையை முன்னாலேயே தமிழில் பேசிவிடுங்கள். உருதுவை நிறுத்த வேண்டாம். தெலுங்கு பேசும் வீடுகளுக்கும் இதேதான்.

கே.வி.குப்பத்திலிருந்து ஒரு பாட்டி: பேரன் ‘பழம்’ என்பதைப் ‘பயம்’ என்று படிக்கிறான். திருத்தலாமா?

நம் பக்கத்துப் பேச்சே வாயப்பயம்தானேம்மா! பழத்தை நினைத்துக்கொண்டு அப்படிச் சொன்னால் அவன் சரியாகத்தான் படித்திருக்கிறான். திட்டாதீர்கள். ஒரு வாழைப்பழத்தின் கீழே ‘பழம்’ என்று ஒரு சீட்டு, பயந்த முகம் வரைந்து ‘பயம்’ என்று இன்னொரு சீட்டு. இரண்டையும் கண்ணால் பிரிக்கட்டும். நாக்கு மெதுவாக வரும்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தாத்தா: நான் எழுதும் ‘லை’யைப் பேத்தி தப்பு என்கிறாள்.

ஐயா, நீங்கள் ‘லை’யை யானைத் தும்பிக்கை போல வளைத்து எழுதும் பழைய வடிவத்தில் பழகியவர். ணை, லை, ளை, னை, அதோடு ணா, றா, னா இவற்றின் வடிவத்தை 1978-ல் அரசு மாற்றியது. அவளுக்குப் புதிய வடிவத்திலேயே எழுதிக் கொடுங்கள். பழையதை ஒரு கதையாகச் சொல்லுங்கள், ரசிப்பாள்.

வேலூரிலிருந்து ஓர் அம்மா: ‘வேலூர்’ என்றாலே கொம்பைப் பார்த்துத் திகைக்கிறான்.

முன்னால் எழுதிப் பின்னால் ஒலிப்பது அல்லவா, திகைக்கத்தான் செய்வான். ‘வே’யைத் தனியாகப் பிரிக்காமல் ஒரே அட்டையில் ஒரே எழுத்தாகக் காட்டுங்கள். அதுவரை பஸ் போர்டில் ‘பாகாயம்’ படிக்கச் சொல்லுங்கள். பா, கா, ய, ம்: கால் மட்டும்தான், கொம்பே இல்லை. காட்பாடியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் நாளெல்லாம் பார்க்கலாம்.

ராணிப்பேட்டையிலிருந்து ஓர் அப்பா: போன் வீடியோ போதுமா?

பாட்டுக் கேட்க நல்லது. படிக்கப் போதாது, பிள்ளை தப்பாகச் சொன்னால் போனுக்குக் கேட்காது.

வாணியம்பாடியிலிருந்து ஓர் அம்மா: எட்டு வயது ஆகப்போகிறது, இன்னும் ‘கடல்’ வரவில்லை. அடிக்கவும் அடித்துவிட்டேன்.

அடியை இன்றோடு விட்டுவிடுங்கள்மா. முதலில் கண், காது இரண்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிந்த பிள்ளையை ‘மக்கு’ என்று நானே நினைத்திருக்கிறேன், இன்றும் உறுத்துகிறது. இரண்டும் சரி என்றால் வகுப்பு டீச்சரிடம் பேசி, கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்கக் கேளுங்கள். அதற்கென்று பயிற்சி முறைகள் உண்டு.

ஆம்பூரிலிருந்து ஓர் அம்மா: ஷூ கம்பெனி வேலை, வீடு வர ஏழு மணி. எனக்கே படிக்கத் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?

நிறைய முடியும்மா. அடுப்பில் சோறு கொதிக்கும்போது, ‘ம-வில் ஆரம்பிக்கிற சாமான் சொல்லு’ என்று கேளுங்கள். மஞ்சள், மல்லி, மரம். ‘கடல்னு சொன்னா முதல்ல என்ன சத்தம் வருது, கடைசியில என்ன சத்தம் வருது?’ என்று கேளுங்கள். காதில் சத்தம் பிரியப் பழகினால்தான் கண்ணில் எழுத்து சேரும். இதற்கு உங்களுக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. பிறகு பத்து நிமிடம், பள்ளியில் படித்த ஒரு வார்த்தையைப் புளியங்கொட்டையால் தரையில் அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை விரல் வைத்துப் படிக்கும்போது நீங்களும் பக்கத்தில் விரல் வைத்து, பிள்ளையோடு கூடவே சொல்லுங்கள்.