சென்னை இருக்கட்டும், பிரஷர் பார்த்தீர்களா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் விவசாயக் குடும்பம். மனைவிக்கு எட்டாவது மாதம். கர்ப்பிணியின் ரத்தத்தில் உள்ள மூளைப் புரதங்களை அளந்தால் குழந்தையின் ஆரோக்கியம் தெரியும் என்று படித்தேன். சென்னை போய் அந்த டெஸ்ட் எடுக்கலாமா? வளைகாப்பில் போட்ட வளையல்கள் இறுகிவிட்டன. "நீர் போட்டிருக்கு, சகஜம்" என்கிறார் அம்மா. குறுவை அறுவடையால் இந்த மாதச் செக்கப் தவறிவிட்டது.

பதில்: தம்பி, அன்றைக்குச் சுலபமாக ஏறிய வளையல் இன்றைக்கு நகர மாட்டேன் என்கிறது. அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டுச் சென்னைக்கு வழி கேட்கிறீர்கள்! எட்டாம் மாதத்தில் கால் வீங்குவது பெரும்பாலும் சகஜம்தான். கையும் முகமும் வீங்கினால் அன்றே பிரஷர் பார்த்தாக வேண்டும். 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90-க்கு ஏறி, சிறுநீரில் புரதமும் போனால் (நம் பக்கம் 'உப்பு' என்பார்கள்) அது பிரீஎக்லாம்ப்சியா. முற்றினால் தாய்க்கு வலிப்பு வரும். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் குறைந்து குழந்தை எடை போடாது. குறைமாதத்திலேயே எடுக்கவும் நேரலாம்.

நீங்கள் படித்தது கட்டுக்கதை இல்லை. நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் நரம்பிழைகளுக்குள் இருப்பது. இழை சேதமானால் ரத்தத்தில் கசியும். பிரீஎக்லாம்ப்சியா வந்த கர்ப்பிணிகளிடம் அது கூடுதலாக இருப்பதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அதை வைத்துப் பிள்ளை எப்படிப் பிறக்கும் என்று சொல்லும் வழக்கமான டெஸ்ட் எதுவும் இன்று கிடையாது. பிரஷர் கருவியும் சிறுநீர்ப் பரிசோதனையும் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கின்றன, காசில்லாமல்.

கடிதம் முழுக்கக் குழந்தை, குழந்தை. அவளுக்குத் தலைவலி உண்டா, கண் மங்குகிறதா என்று ஒரு வரி இல்லை. கேட்டீர்களா? ஊரைக் கூட்டிக் கலந்த சாதம் போட்ட வீட்டுக்கு, அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக அரை நாள் கிடைக்கவில்லையாம். அறுவடை மெஷின் பக்கத்தில் பங்காளி நிற்கலாம், கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவலாக உங்கள் அம்மாவே உட்காரலாம். அவள் பக்கத்தில் நிற்க வேண்டியது நீங்கள். தாலி கட்டியவன் கடமை அது. மாமியார் தலையில் கட்டுகிற வேலை இல்லை.

இதைப் படித்ததும் கிளம்புங்கள். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், நடுராத்திரியானாலும் சரி. திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தஞ்சை ராசா மிராசுதார் அரசு மருத்துவமனைக்கோ போகச் சொன்னால் மறுபேச்சு வேண்டாம். அம்மா கோபித்துக்கொண்டால் என் பேரைச் சொல்லுங்கள்.