மேட்டில் கொதிக்கும் கியர்பாக்ஸ்

அன்புள்ள ஐயா,

டென்வர் அருகே வசிக்கிறேன். ஆறு கியர் ஆட்டோமேட்டிக் பிக்கப் வண்டியில் 6,500 பவுண்டு டிரெய்லரைக் கட்டிக்கொண்டு, ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை நோக்கிக் குடும்பத்துடன் ஏறினோம். வண்டி 9,000 பவுண்டு இழுக்கும் என்று எழுதியிருந்ததால் கவலையின்றி இருந்தேன். ஆனால் லாரிகளுக்குப் பின்னால் மணிக்கு 35 மைல் வேகத்தில் ஊர்ந்தபோது டிரான்ஸ்மிஷன் (கியர்பாக்ஸ்) எண்ணெயின் சூடு 238 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது. வேகத்தை மேலும் குறைத்தும் அது இறங்கவில்லை. பிறகு முகாமில் ஒரு சரளைமேட்டில் டிரெய்லரைப் பின்னோக்கி ஏற்றியபோது பத்தே நிமிடத்தில் 250 ஆகிவிட்டது. கியர்பாக்ஸ் கெட்டிருக்குமா? அந்த எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரைப் பெரிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர்.

கே., டென்வர்

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தில் மலைப்பாதையைவிட அந்தச் சரளைமேடுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது, ஏனெனில் விடை அங்கேதான் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர், எண்ணெயைச் சுழற்றியே விசையைக் கடத்துகிறது. இஞ்சின் பக்கம் வேகமாகவும் சக்கரத்தின் பக்கம் மெதுவாகவும் சுழலும்போது, அந்த வழுக்கலால் விசையில் ஒரு பங்கு எண்ணெயில் சூடாக இறங்குகிறது. மேட்டில் அரைக் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் எழும் கருகல் வாசனை உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே நடப்பதும் ஏறக்குறைய அதுவே, வாசனை மட்டும் வெளியே வருவதில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரு பக்கத்தையும் பூட்டிவிடுவதால் வழுக்கல் நின்று சூடு தணிகிறது. ரிவர்ஸில் அது பூட்டுவதில்லை. நடை வேகத்தில் கூலரின் மேல் போதிய காற்றும் படுவதில்லை.

ஆகவே மலையில் நீங்கள் வேகத்தைக் குறைத்தது தவறல்ல, ஆனால் கியரைக் குறைக்காமல் வேகத்தை மட்டும் குறைத்திருந்தால் லாக்-அப் விடுபட்டு வழுக்கல் கூடியிருக்கும். பளு இழுப்பதற்கேற்பக் கியர் மாற்றத்தை அமைக்கும் டோ-ஹால் பொத்தானை ஏற்றத்துக்கு முன்பே அழுத்திவிட்டு, கியர் அடிக்கடி மேலும் கீழும் மாறுவதைக் கண்டால் கையாலேயே ஒரு கியர் இறக்கி அங்கேயே நிறுத்திவையுங்கள். இஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் கத்தும். பின்னிருக்கையில் இருப்பவர்கள் பயப்படுவார்கள். இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் சூடு ஏறாதவரை அந்தச் சத்தத்தால் கேடு ஒன்றுமில்லை.

இழுவைத் திறன் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த எண்ணுக்கு அடிப்படையான, எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த ஜே2807 சோதனையில், அரிசோனாவின் டேவிஸ் அணைச் சாலையில் 11.4 மைல் தூரத்தை, 100 டிகிரி வெயிலில் ஏசியை முழுதாக ஓடவிட்டு, உங்களுடையதைப் போன்ற வண்டிகள் மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான், ஆனால் அந்த ஏற்றம் முடிவது மூவாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில். உங்கள் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேலே இருக்கிறது; அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்கும் குறைவு. இஞ்சினின் வலுவும் குறைகிறது, கூலர் வெளியேற்றும் சூடும் குறைகிறது. உயரம் ஒவ்வொரு ஆயிரம் அடி கூடும்போதும் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடையில் 2 சதவீதம் குறைத்துக்கொள்ளுமாறு ஃபோர்டு தன் இழுவைக் கையேட்டில் சொல்வது இதனால்தான்.

சரளைமேட்டுக்கு எளிய வழி ஒன்று உண்டு. நான்கு சக்கரமும் குறைந்த கியரில் இழுக்கும் ஃபோர்-லோவில் போட்டால், விசையை முன்பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பல்சக்கரங்களே பளுவின் பெரும்பகுதியைத் தாங்கும், கன்வெர்ட்டர் அதிகம் வழுக்காது. சரளையிலும் மண்ணிலும் மட்டும் இதைச் செய்யுங்கள். உலர்ந்த தார்ச்சாலையில் ஃபோர்-லோவில் வளைத்துத் திருப்பினால் அச்சுகள் முறுக்கிக்கொள்ளும். சூடு ஏறிவிட்டால் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பார்க்கிங் பிரேக்கை இழுத்துவிட்டு, சில நிமிடம் 1,200 சுற்று அளவில் இஞ்சினை ஓடவிடுங்கள். உடனே அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று சூடு உள்ளேயே தங்கிவிடும். பார்க்கில் போடாமல் நியூட்ரல் என்று நான் சொல்வதற்குக் காரணம், பழைய டாட்ஜ் பிக்கப்கள் சிலவற்றில் பார்க்கில் இருக்கும்போது கூலருக்கு எண்ணெய் போவதே இல்லை.

கெட்டிருக்குமா என்று கேட்கிறீர்கள். ஒருமுறை சில நிமிடங்கள் 250 ஆனதால் கியர்பாக்ஸ் போய்விடாது. 175 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்று பட்டறைகளில் ஒரு கணக்குச் சொல்வார்கள். இன்றைய செயற்கை எண்ணெய்களுக்கு, 200 டிகிரியை ஒட்டியே ஓடும்படி அமைத்த வண்டிகளுக்கு, அதை அப்படியே பொருத்த முடியாது. எண்ணெய் பழுப்பேறியோ கருகல் வாசனையுடனோ இருந்தால் கையேடு சொல்லும் எண்ணெயையே ஊற்றி இப்போதே மாற்றுங்கள். இல்லையெனில் கடும் உபயோகத்துக்கென்று கையேட்டில் தனியாகக் கொடுத்திருக்கும் எண்ணெய் மாற்றும் கெடுவைப் பின்பற்றினால் போதும்.

கூலரைக் கடைசியாகச் செய்யலாம். நெடுஞ்சாலையில் அது உதவும். ரிவர்ஸில் காற்றில்லாத இடத்தில் அதன் உதவி சொற்பம். பொருத்துபவர், ரேடியேட்டர் வழியாகப் போகும் எண்ணெய்க்குழாயைத் துண்டித்துப் புதிய கூலருக்கு மட்டும் இணைத்துவிடலாம் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் ஊர் ஜனவரிக் குளிரில் எண்ணெயைச் சூடாக்கித் தருவது அந்த ரேடியேட்டர்தான்.