எஸ்எஸ்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டில் ஏழு வருடப் பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. ஆன் செய்தால் வேலைக்குத் தயாராக ஐந்து நிமிடம் ஆகிறது. இணையம் பார்ப்பது, வரவு செலவு எழுதுவது, பிள்ளைகளின் பாடம், இவ்வளவுதான் அதில் வேலை. உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்புச் சாதனத்தைப் போடச் சொல்கிறார்கள். இந்தச் சின்ன வேலைக்கு அது தேவையா, இல்லை புதிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்: புதிது வேண்டாம், எஸ்எஸ்டி போடுங்கள். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. லேப்டாப்பை ஆன் செய்ததும், எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ‘டிஸ்க்’ என்ற இடத்தில் 100% என்று நகராமல் நிற்கும், பிராசஸர் பாட்டுக்கு 10, 15 சதவீதத்தில் இருக்கும். அப்படித் தெரிந்தால் உங்கள் பிராசஸருக்கு வயதாகிவிட்டது என்று பொருளில்லை, அது ஹார்டு டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

அதே நேரத்தில் லேப்டாப்பில் உள்ளங்கை வைக்கும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். பல மாடல்களில் அதற்கு நேர் கீழேதான் டிஸ்க் இருக்கும், லேசான அதிர்வும் நடுநடுவே டிக், டிக் என்று ஒரு சத்தமும் தெரியும். ஒவ்வொரு டிக்கும், உள்ளே சுற்றும் தட்டைப் படிக்கிற தலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் தாவுகிற சத்தம். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும், அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தலை சரியான தடத்துக்குப் போய், வேண்டிய இடம் சுற்றி வந்து சேரும்வரை காத்திருந்து, ஒரு துண்டைப் படித்து முடிக்க 15 மில்லி விநாடிக்கு மேல் ஆகிவிடும். ஆக, விநாடிக்கு அறுபது தேடல்தான் அதனால் முடியும். விண்டோஸ் எழுந்து நிற்பதற்கோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள் வேண்டும், அதுவும் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பவை. எஸ்எஸ்டியில் சுற்றுகிற தட்டும் இல்லை, தாவுகிற தலையும் இல்லை, அதே துண்டு 0.1 மில்லி விநாடியில் கைக்கு வந்துவிடும். ஐந்து நிமிடம் அரை நிமிடமாகக் குறைவது இதனால்தான். கணக்கு எழுதுவது போன்ற சின்ன வேலைகளில்தான் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த வேலைகளில் நீங்கள் காத்திருக்கும் நேரம் முழுக்க இந்தத் தேடல்தான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ரேம் 4 ஜிபிதான் என்றால் அதையும் 8 ஆக்கிவிடுங்கள். ரேம் போதாமல் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டே இருந்தால், எஸ்எஸ்டி போட்ட பிறகும் நாலு டேப் திறந்ததும் திணறும்.

கேள்வி: சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி, என்விஎம்இ 3500 எம்பி, புதியவை 7000 எம்பி என்று போட்டிருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: சாட்டா, என்விஎம்இ இரண்டும் எஸ்எஸ்டி கணினியோடு பேசும் வழிகள், சாட்டா பழையது, என்விஎம்இ புதியது. இந்த எண்கள் எல்லாம் ஒரே பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். மேலே சொன்ன துண்டு துண்டான தேடலில் இவற்றுக்குள் இவ்வளவு பெரிய இடைவெளி கிடையாது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வருவதுதான் பெரிய தாவல். அங்கிருந்து என்விஎம்இ போனால் விண்டோஸ் துவங்குவதில் சில விநாடிதான் மிச்சமாகும். தினமும் பெரிய வீடியோ ஃபைல்களை வெட்டி ஒட்டுகிறவர் என்றால் தாராளமாக அதற்குப் போகலாம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, மதர்போர்டிலும் இடம் இருக்கிறது என்றாலும் அதையே எடுக்கலாம்.

போர்டில் எம்.2 இடம் (மெல்லிய கார்டு வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருக்கிறதே என்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அதே வடிவத்தில் சாட்டா கார்டும் வருகிறது, என்விஎம்இ கார்டும் வருகிறது, சில பழைய போர்டுகள் இரண்டில் ஒன்றைத்தான் ஏற்கும். மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பொருத்துவது எளிது. கார்டைச் சாய்வாகச் செருகினால் மறுமுனை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், உடைந்துவிடுமோ என்று பயப்படாமல் விரலால் மெல்ல அழுத்திப் பிடித்து, அந்தப் பொடி ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். ஸ்க்ரூ பல சமயம் கார்டோடு வராது, போர்டிலேயே இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எழுத எழுத எஸ்எஸ்டி தேய்ந்து போகும் என்கிறார்களே?

பதில்: தேயும், உண்மைதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி மாடலுக்கு 300 டிபி (ஒரு டிபி என்பது 1000 ஜிபி) எழுதும்வரை அல்லது 5 வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம். வீட்டில் ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினாலும் (அதுவே அதிகம்) 300 டிபி ஆக 41 வருடம் வேண்டும். டீஃப்ராக் (சிதறிக் கிடக்கும் துண்டுகளை ஒன்றாக அடுக்குவது) செய்ய வேண்டியதில்லை. கொஞ்சம் இடம் காலியாக இருக்கட்டும், முட்ட முட்ட நிரப்பினால் எழுதும் வேகம் குறையும். அவ்வளவு போதும்.

கேள்வி: அப்படியென்றால் பழைய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அதில் பத்து வருடப் புகைப்படங்கள் இருக்கின்றன.

பதில்: தயவுசெய்து வேண்டாம். எஸ்எஸ்டியின் நல்லதை இவ்வளவு சொன்ன நானே இதில் உங்களை நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹார்டு டிஸ்க் போகப் போகிறது என்றால் பல சமயம் முன்னறிவிப்பு இருக்கும், கரகரக்கும், ஃபைல் திறக்கத் தாமதமாகும். எஸ்எஸ்டி பல நேரம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும், காலையில் ஆன் செய்தால் அப்படி ஒரு டிஸ்க்கே இல்லை என்று வரும்.

அழித்ததை மீட்பதும் அப்படித்தான். ஒருமுறை என் எஸ்எஸ்டியில் படங்கள் இருந்த ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். மீட்பு மென்பொருளை ஓட்டினால் ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக வந்தன, அளவும் சரியாக இருந்தது. திறந்தால் ஒன்றிலும் ஒன்றுமில்லை, உள்ளே முழுக்கப் பூஜ்யம். விண்டோஸ் 7 வந்த 2009இலிருந்து டிரிம் என்ற கட்டளை இருக்கிறது. ஃபைலை அழித்ததும் ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று அது எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், எஸ்எஸ்டியும் துடைத்துவிடும். வேகம் குறையாமல் இருக்க அது அவசியம். ஹார்டு டிஸ்க் என்றால் அன்றைக்கு என் படங்களில் பாதியாவது திரும்பி வந்திருக்கும்.

அதனால் பழைய டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு, புகைப்படங்களை அதிலேயே விட்டு வையுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி ஓர் இலவச மென்பொருளில் அதன் ஆரோக்கியத்தைப் பாருங்கள். ‘எச்சரிக்கை’ என்று மஞ்சள் காட்டினால் அன்றைக்கே வேறொரு ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள். நல்ல நிலை என்று காட்டினாலும் எஸ்எஸ்டியில் இரண்டாவது பிரதி ஒன்று இருக்கட்டும். ஆனால் எஸ்எஸ்டியில் மட்டும் ஏற்றி, மின்சாரம் இல்லாமல் பல வருடம் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள், அதில் தகவலைத் தாங்கி நிற்கும் மின்னூட்டம் மெல்லக் கசியக்கூடியது. நகல் எடுத்த பிறகு பத்திருபது படங்களையாவது திறந்து பாருங்கள், வெறும் பெயர் மட்டும் வந்திருக்கிறதா, படமும் வந்திருக்கிறதா என்று.