விசைப்பலகையைத் தொட்டுப் பார்த்த பின்பே விலை பேசுங்கள்

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனது மகள் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்திற்குத் தெரிவாகியுள்ளார். பெரும்பாலும் தமிழிலேயே கட்டுரைகள் எழுத வேண்டியிருக்கும். கடைகளில் செயற்கை நுண்ணறிவுக் கணினி என்று சொல்லி விலை கூடியவற்றையே காட்டுகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
– தந்தை ஒருவர், வெள்ளவத்தை

பதில்: பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குச் செல்லும் நாளில் மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். விலையைக் கேட்பதற்கு முன்னர், காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து பத்து வரி தட்டச்சு செய்து பார்க்கச் சொல்லுங்கள். செயலியின் பெயரும் நினைவகத்தின் அளவும் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். விசைப்பலகை எப்படிப்பட்டது என்பதை எந்தப் பெட்டியும் சொல்லாது. நடு விசைகளை அழுத்தும்போது பலகை உள்வாங்கி வளைகிறதா, விசையின் ஓரத்தில் விரல் பட்டாலும் எழுத்து விழுகிறதா என்பவற்றைத் தொட்டுத்தான் அறிய முடியும்.

தமிழில் எழுதுபவர் குறிப்பாகப் பார்க்க வேண்டியது விசைப்பலகையின் வலது ஓரத்தை. தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை அமைப்பில் 'ந' அரைப்புள்ளி விசையிலும், 'ய' அதற்கடுத்த மேற்கோள் விசையிலும், 'ச' சதுர அடைப்புக்குறி விசையிலும், 'ழ' சாய்கோட்டு விசையிலும் அமைந்துள்ளன. ஆங்கிலத்தில் இந்த விசைகளுக்கு வேலை குறைவு என்பதால், இடத்தை மிச்சப்படுத்த விரும்பும் தயாரிப்பாளர்கள் சில மடிக்கணினிகளில் அவற்றையே ஒடுக்கிச் சிறிதாக்கி விடுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது ஒரு குறையாகவே தெரியாது. நமக்கோ 'செய்தி' என்று எழுதுவதற்குள் சுண்டுவிரல் இரண்டு முறை அந்த ஓரத்திற்குப் போய் வர வேண்டும். மூன்று ஆண்டுகள் கட்டுரை எழுதப்போகும் பிள்ளைக்கு இது சிறிய விடயம் அன்று.

செயற்கை நுண்ணறிவு பற்றிச் சொல்வதானால், 2024 மே மாதத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனம் 'கோபைலட் பிளஸ்' என்ற வகைக் கணினிகளை அறிமுகப்படுத்தியபோது மூன்று நிபந்தனைகளை விதித்தது: வினாடிக்கு 40 இலட்சம் கோடி கணக்கீடுகளைச் செய்யக்கூடிய, செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கென்றே உள்ள தனி நரம்பியல் செயலகம், 16 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பகம். இவற்றுள் உங்கள் மகளுக்கு உண்மையாகவே பயன்படப்போவது 16 ஜிபி நினைவகம்தான். அந்தத் தனிச் செயலகத்துக்காக மேலதிகமாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம் என்பதே எனது கருத்து. இன்றைய மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையுடனேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், பின்னர் கூட்டிக் கொள்ளலாம் என்று 8 ஜிபியுடன் வாங்கி வராதீர்கள்.

ஸ்னாப்டிராகன் எக்ஸ் வகைச் செயலியுள்ள கணினிகள் ஒரு முறை மின்னேற்றினால் நீண்ட நேரம் உழைக்கின்றன. ஆனால் வீட்டில் பழைய அச்சுப்பொறி இருந்தால், அதை இயக்கும் மென்பொருள் அந்தச் செயலிக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். வழக்கமான இன்டெல், ஏஎம்டி செயலிக் கணினிக்குரியது அதில் வேலை செய்யாது. பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர் அச்சுப்பொறியின் மாதிரி எண்ணைச் சொல்லி விசாரித்துக் கொள்ளுங்கள்.

கேள்வி: 2016ஆம் ஆண்டில் வாங்கிய மடிக்கணினியில் விண்டோஸ் 10 உள்ளது. இனி அதை எறிந்துவிட வேண்டியதுதானா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: எறிய வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11, இன்டெல் செயலியானால் எட்டாம் தலைமுறையையாவது கேட்கிறது. உங்கள் கணினி அதற்கு முந்தியது. உள்ளே சுழலும் வன்தட்டு இருந்தால் அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்னும் சுழலாத, வேகமான சேமிப்பகம் ஒன்றைப் பொருத்தி, லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தையும், கட்டுரைகள் எழுத உதவும் லிப்ரே ஓபிஸ் மென்பொருளையும் நிறுவிக் கொள்ளுங்கள். இரண்டும் இலவசம். தமிழ்99, ரெங்கநாதன் ஆகிய இரு விசைப்பலகை அமைப்புகளும் லினக்ஸில் கிடைக்கின்றன. கோப்புகளை வேறோரிடத்தில் பிரதி எடுத்து, அந்தப் பிரதி திறக்கிறது என்பதையும் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: அரச திணைக்களம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். நாள் முழுவதும் மடிக்கணினியில் தட்டச்சு செய்வதால் மணிக்கட்டு வலிக்கிறது. மெக்கானிக்கல் விசைப்பலகை வாங்கினால் சரியாகுமா? ரெங்கநாதன் அமைப்பிலிருந்து தமிழ்99க்கு மாற வேண்டும் என்று இளையவர்கள் சொல்கிறார்கள், மாறலாமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: விரல்களில் விறைப்பு இருந்தால் முதலில் வைத்தியரைப் பாருங்கள், அம்மா. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், கைகளுக்கு ஏற்ற உயரத்தில் அதை வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் மணிக்கட்டு மடிகிறது. ஆகவே கணினியை நாலைந்து தடித்த புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்து, வெளி விசைப்பலகை ஒன்றை முழங்கை மட்டத்தில் வைத்துப் பாவியுங்கள். விலை குறைந்த சாதாரண விசைப்பலகையே இந்த மாற்றத்துக்குப் போதும். வலியில் பாதி குறைந்தாலும் வியப்பில்லை.

அதற்கு மேல் செலவு செய்ய முடியுமானால் மெக்கானிக்கல் விசைப்பலகை நல்ல தெரிவு. அதில் ஒவ்வொரு விசையின் அடியிலும் தனி ஆளி (சுவிட்ச்) இருக்கும்; விசை ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் கீழிறங்கும். 2 மில்லிமீற்றர் இறங்கியதுமே எழுத்து பதிவாகிவிடும். அடிமட்டம் வரை குத்தத் தேவையில்லை என்று விரல்கள் பழகிக் கொள்ளச் சில வாரங்கள் எடுக்கும். அதன் பின்னரே அதன் சுகம் தெரியும். நீல நிற ஆளி ஒவ்வொரு எழுத்துக்கும் சத்தமிடும் என்பதால் பலர் அமர்ந்திருக்கும் காரியாலயத்துக்கு அது பொருந்தாது. மென்மையாக அழுந்தும் சிவப்பு ஆளியை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். விசைமூடிகள் பிபிடி வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவையா என்றும் கேளுங்கள். ஏபிஎஸ் வகை விரைவில் தேய்ந்து பளபளக்கும். நான் பாவித்த ஏபிஎஸ் பலகையில் முதலில் பளபளத்தது ஆங்கில 'எச்' விசை, அதாவது தமிழ்99இல் 'க'. ஆங்கிலம் மட்டும் எழுதுபவருடைய பலகையில் 'ஈ' விசையே முதலில் தேய்ந்திருக்கும்.

அமைப்பை மாற்றுவது பற்றி: தட்டச்சுப்பொறி வழி வந்த ரெங்கநாதன் அமைப்பு விரலில் ஊறிப்போயிருந்தால் மாறாதீர்கள். வேகம் இருக்கும் இடத்தில் கொள்கைக்காக அதை இழப்பதில் பயனில்லை. புதிதாகக் கற்பவர்களுக்கு மட்டும் தமிழ்99ஐத் தயங்காமல் சொல்வேன். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் பெரும்பாலான மெய்கள் வலக்கையிலும் வருவதால் இரு கைகளும் மாறி மாறி உழைக்கின்றன. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகள் போதும்; ஒரே மெய் இரு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'சங்கம்' என்பதில் ங-வுக்கும் அப்படியே விழுகிறது. விண்டோஸ் 11இலும் மெக் கணினியிலும் இந்த அமைப்பு உள்ளடங்கியே வருகிறது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை. பதினைந்து ஆண்டுகளாகத் தயாரித்த வினாத்தாள்களும் பாடக் குறிப்புகளும் பாமினி எழுத்துருவில் உள்ளன. மகன் வாங்கித் தந்த புதிய கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகவே தெரிகின்றன. அவை அழிந்துவிட்டனவா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அழியவில்லை, ரீச்சர், ஓர் எழுத்துக்கூட அழியவில்லை. பாமினி, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திய எழுத்துரு. நீங்கள் 'அம்மா' என்று எழுதியபோது கணினி பதிந்து வைத்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளைத்தான். புதிய கணினியில் அந்தப் போர்வை இல்லாததால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. பாமினியை நிறுவினால் இன்றே படிக்கலாம். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். அவற்றை ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோட்டுக்கு, மாற்றினால்தான் தேடவும் தொலைபேசியில் வாசிக்கவும் பிறருக்கு அனுப்பவும் முடியும்.

முதலில் எல்லாக் கோப்புகளையும் பென் டிரைவ் ஒன்றில் பிரதி எடுத்து ஒதுக்கி வையுங்கள். பின்னர் பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றித் தரும் இலவச இணையக் கருவி ஒன்றில் பந்தி பந்தியாக ஒட்டி மாற்றுங்கள். முழுக் கோப்பையும் ஒரேயடியாக ஒட்டினால், இடையில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களும் தமிழெழுத்துகளாகிச் சிதைந்துவிடும்.

மாற்றிய பின் பிழைதிருத்தம் மிக அவசியம், அதிலும் ஔகார எழுத்துகளில். பாமினியில் 'கௌரவம்' என்பதன் முதலெழுத்தை எகரக் கொம்பு, க, ள என்று மூன்றாக எழுதுவதால், மாற்றும் கருவி அதைக் 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்துகளாகத் தந்துவிடக்கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். 'கௌரவம்' என்று சரியாக எழுதித் தேடினால் மட்டும் அகப்படாது. அதற்காக எல்லா இடத்திலும் ஒரேயடியாக மாற்றும்படி கட்டளையிட்டு விடாதீர்கள். 'வெளி', 'தெளிவு', 'கெளுத்தி' எல்லாம் கெட்டுப்போகும். கௌரவம், மௌனம், பௌர்ணமி, பௌத்தம், சௌகரியம் என்று உங்கள் குறிப்புகளில் வரக்கூடிய சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துங்கள்.

கோப்பே இல்லாமல் தாளில் மட்டும் எஞ்சியவற்றைப் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸ் மூலம் திறந்தால் அச்செழுத்துகளைப் பெருமளவு சரியாகப் படித்துத் தரும். மடிப்பு விழுந்த தாள்களை மட்டும் படமெடுக்கும் முன் ஓரிரவு கனமான புத்தகத்தின் அடியில் வைத்துவிடுங்கள்.