தும்பியைப் பார்த்துக் கட்டிய ஃப்ளையை மீன் ஏன் தொடவில்லை?

சண்டிலிப்பாயிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கனடாவில் இருக்கும் மாமா வந்தபோது ஒரு ஃப்ளை தூண்டில் தந்தார். ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் நூல் சுற்றிப் பூச்சி போலச் செய்யும் போலி இரை, கட்டவும் பழகிவிட்டேன். எங்கள் குளத்தில் தும்பி நிறையப் பறக்கிறது. அதைப் பார்த்து, நாலு செட்டையும் வைத்து, நிறமும் பிசகாமல் ஒன்று கட்டினேன். இரண்டு கிழமையாக எறிகிறேன், திலாப்பியா திரும்பியும் பார்க்கவில்லை. எங்கே பிழை விட்டேன்?"

உங்கள் கைவேலையில் பிழை இல்லை, பார்த்த இடம்தான் பிழை. நீங்கள் தண்ணீருக்கு மேலே பார்த்துக் கட்டியிருக்கிறீர்கள். மீனோ தண்ணீருக்குள்ளே தின்கிறது. பறக்கிற தும்பி மீனுக்கு அகப்படுவது முட்டையிட வாலை நனைக்கும்போது எப்போதாவது ஒன்று. அதே தும்பி பறக்குமுன் கிழமைக்கணக்காக, சில இனங்களில் மாதக்கணக்காக, செட்டையில்லாத இளம்பூச்சியாகக் குளத்துக்குள்ளேதான் வளர்கிறது. மீன் தினமும் காண்பது அதைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா, பாசியையும் சேற்றில் படிந்ததையும் மேய்கிற மீன். மேய்கிறபோது வாய்க்கு வரும் சின்னப் புழு பூச்சியை விடாது, ஆனால் பெரிய இரையைத் துரத்திப் பிடிப்பது அதன் வழக்கமல்ல. அந்த வேலை விராலுடையது. குளிர்ந்த ஆற்றில் வாழும் ட்ரவுட் மீனுக்காகச் சொன்ன முறைகளை நம் குளத்தில் அப்படியே செய்தால் சரிவராது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறே கிடையாது. வழுக்கையாறும் மாரி மழைக்குத்தான் ஓடும்.

சரி, எப்படிப் பார்ப்பது? பழைய நுளம்பு வலையில் ஒரு துண்டை வெட்டி, கம்பி வளையத்தில் தைத்து, ஒரு தடியில் கட்டுங்கள். வெள்ளை ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றில் குளத்துத் தண்ணீரை இரண்டு விரல் ஆழத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கரையோரப் பாசிக்குள் வலையை நாலைந்து தரம் இழுத்து, பெட்டிக்குள் உதறுங்கள். முதலில் குப்பை மட்டும்தான் தெரியும். அவசரப்படாமல் இரண்டு நிமிடம் பாருங்கள். குப்பை அடங்கியதும் அதற்குள் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கும்.

பச்சைக் குச்சி போல ஒன்று, வால்நுனியில் மூன்று சிறு இலைகளுடன் இருக்கும். அது ஊசித்தும்பியின் இளம்பூச்சி. அந்த மூன்று இலைகளும் அதன் செவுள்கள். கரண்டியால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். உடம்பை இடமும் வலமுமாக நெளித்து ஒரு சாண் போகும், பிறகு அப்படியே நின்றுவிடும். இந்த நெளிவையும் நிற்பையும்தான் உங்கள் நூல் காட்டவேண்டும். போன மாரியில் இதைக் கண்ணாடிப் போத்தலில் விட்டு, கண்மட்டத்தில் வைத்து ஒரு பின்னேரம் முழுக்கப் பார்த்திருந்தேன். அதுவரை நான் ஃப்ளையை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருந்தவன். அதற்குப் பிறகு இரண்டு அங்குலம் இழுத்து, மூன்று எண்ணும்வரை விட்டேன். அன்றுவரை தொடாத மீன் தொட்டது.

பெரிய தும்பியின் இளம்பூச்சி தடித்துக் குறுகியிருக்கும். பின்புறத்தால் தண்ணீரைப் பீச்சி ஒரே உந்தாக முன்னே பாயும். அதற்கு இழுப்பும் வெடுக்கென்று இருக்கவேண்டும். விராலுக்கு இதைக் கட்டலாம்.

திலாப்பியாவுக்கு நான் சொல்வது சேற்றிலிருக்கும் சிவப்புப் புழு. பின்னேரத்தில் லைட்டடியில் நுளம்பு போல மொய்த்து, ஆனால் கடிக்காத சிறுபூச்சி ஒன்று உண்டல்லவா, அதன் குஞ்சு இது. ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் மூச்சுவிட உடம்பில் ஈமோகுளோபின் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. இதைப் போலச் செய்வது மிகச் சுலபம். சின்ன முள்ளில் சிவப்புத் தையல்நூலை ஒரே சீராகச் சுற்றி, அதன்மேல் பழைய மோட்டர்ச் சுருளில் கழற்றிய மெல்லிய செப்புக்கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். கம்பியின் பாரத்தில் அது அடிக்குப் போகும். அங்கேயே கிடக்க விடுங்கள், இழுக்கவே வேண்டாம்.

இந்தப் புழு கூட்டுப்புழுவாகி, செட்டை முளைக்க மேலே வந்து நீர்ப்பரப்பின் கீழே தொங்கும். தலையில் வெள்ளைக் குஞ்சம் போலத் தெரியும். அந்தி வேளையில் தெறிப்பில்லாமல் சின்னச் சின்ன வட்டங்கள் விழுந்தால் மீன் பெரும்பாலும் இதைத்தான் உறிஞ்சுகிறது. கறுப்பு நூல் உடம்பும் தலையில் ஒரு சிட்டிகை வெள்ளைக் கம்பளியும் போதும்.

எந்தக் கரையில் நிற்பது என்பதைக் காற்றுச் சொல்லும். பட்டம் விடுகிற தையில் வாடை அடிக்கும்போது பூச்சித்தோல்களும் குப்பையும் தென்மேற்குக் கரையில் ஒதுங்கும். தென்மேற்கிலிருந்து சோழகம் எழும்பினால் எதிர்க்கரை. ஒதுங்கிய தோல் எவ்வளவு நீளம் என்று பாருங்கள், முள்ளின் அளவு தெரிந்துவிடும். கோரைத் தண்டில் தும்பி கழற்றிய தோல் கிடைத்தால் நெருப்புப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஃப்ளை கட்டும்போது முன்னால் வைக்க அதைவிட நல்ல மாதிரி இல்லை. ஆனால் அதன் நிறத்தை நம்பவேண்டாம், நிறத்தை உயிருள்ளதில் மட்டும் பாருங்கள்.

கட்டி முடித்ததும் ஃப்ளையை அதே வெள்ளைப் பெட்டியில், உயிருள்ள பூச்சிக்குப் பக்கத்தில் போடுங்கள். காய்ந்த நூலில் பச்சையாய் இருந்தது நனைந்ததும் கறுத்துவிடும், ஒரு சாயல் வெளிறிய நூல் தேவைப்படும். நான் முதலில் அளவையும் பிறகு அசைவையும் பார்ப்பேன், நிறம் கடைசியில்தான்.

கறிக்கு மீன் வெட்டும்போது இரைப்பையைத் தனியாக எடுத்து, ஒரு கோப்பைத் தண்ணீரில் கீறிப் பாருங்கள். பச்சைக் கூழுக்குள் சிவப்பு நூல்துண்டுகள் போல மிதந்தால் அன்றைய விடை கையில் இருக்கிறது.

மூன்று எச்சரிக்கைகள். போத்தலில் எடுத்த தண்ணீரைக் குளக்கரையிலேயே ஊற்றிவிடுங்கள். அதை வீட்டில் திறந்து வைத்தால் டெங்கு நுளம்பு வந்து முட்டையிடும். காலில் புண் இருந்தால் மாரியில் தண்ணீருக்குள் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரலாம். மல்லாந்து நீந்தும் பூச்சியையும் விரலால் பிடிக்கவேண்டாம், குத்தினால் குளவி கொட்டியது போல வலிக்கும்.

உங்கள் குளத்தை விட்டு அராலிப் பக்கம் போனால் கடல்நீரேரியை நெருங்க நெருங்கத் தண்ணீர் உவர்க்கும், பூச்சிகள் குறைந்துவிடும். அங்கே வலையில் ஏறுவது கூனி இறால். தும்பியை மறந்துவிட்டு அதைப் பார்த்துக் கட்டுங்கள்.