பழைய மெட்டல் டிடெக்டரா, புதியதா? திருகோணமலைக் கரைக்கு எது?

கனடாவில் இருக்கும் மாமா தன் பழைய கரெட் ஏஸ் 250 கருவியைத் தருவதாகச் சொல்கிறார், அதை வைத்து இங்கே நாணயம் தேடலாமா, காசு சேர்த்துப் புதிய மொடல் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். காய்ந்த மணலுக்கு மாமாவின் ஏஸ் போதும். ஈர மணலில் அது உங்களைப் பாடாய்ப்படுத்தும். அதற்குக் காரணம் அதன் வயது அல்ல.

ஏஸ் 250 ஒரேயொரு அலைவரிசையில், 6.5 கிலோஹேர்ட்ஸில் இயங்குகிறது. மண்ணுக்கேற்ப அதைச் சமன் செய்ய நமக்கு வழியில்லை. தொழிற்சாலையில் வைத்த அளவுதான். கனடாவின் பூங்காக்களில் அது நன்றாகவே நாணயம் பிடிக்கும். நமது கரையில் இரண்டு தொல்லைகள் சேர்ந்து வருகின்றன. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஈரமணலே ஏதோ மெல்லிய உலோகத் தகடு என்று கருவி நினைத்துக்கொள்கிறது. இன்னொன்று கருமணல். புல்மோட்டையில் அள்ளுகிறார்களே இல்மனைட், அந்த வகைக் கனிமங்கள் கரையில் கோடுகோடாக ஒதுங்கிக் கிடக்கும். ஒற்றை அலைவரிசைக் கருவி உப்பை அடக்கினால் கருமணலுக்குக் கத்தும், கருமணலை அடக்கினால் உப்புக்குக் கத்தும். உணர்திறனைக் குறைத்து வாயை மூட வைக்கலாம். ஆழத்தில் கிடக்கும் நாணயமும் அதோடு போய்விடும்.

ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்பும் கருவிதான் இரண்டையும் சேர்த்துக் கழிக்கிறது. இது புதுக் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். மைன்லாப் நிறுவனத்தின் சொவரின், எக்ஸ்கலிபர் கருவிகள் 1990களிலேயே 1.5 முதல் 25.5 கிலோஹேர்ட்ஸ் வரை பதினேழு அலைவரிசைகளோடு வந்துவிட்டன. ஆகவே நேற்று வந்த மலிவான ஒற்றை அலைவரிசைக் கருவியையும் பழைய எக்ஸ்கலிபரையும் என் முன்னால் வைத்தால், நான் யோசிக்காமல் கிழவனைத்தான் தூக்குவேன்.

என்னிடம் எக்ஸ்கலிபரும் இருக்கிறது, அதே நிறுவனம் 2018இல் அறிமுகப்படுத்திய, பல அலைவரிசையில் இயங்கும் ஈக்வினொக்ஸ் 800உம் இருக்கிறது. எக்ஸ்கலிபரில் திரையே இல்லை, எல்லாம் காதுதான். ஹெட்போனில் மெல்லிய ரீங்காரம் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். இரும்புக்கு மேலே கொயில், அதாவது கருவியின் நுனியில் இருக்கும் வட்டத் தட்டு, போனால் அந்த ரீங்காரம் சட்டென்று அறுந்துபோகும். நாணயம் என்றால் அதே ரீங்காரம் உருண்டு திரண்டு மேலெழுந்து அடங்கும். ஆனால் மிக மெதுவாக வீச வேண்டும். அவசரப்பட்டால் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் நாணயத்தை விழுங்கிவிடும், ஏனென்றால் ஓர் உலோகத்தைச் சொல்லி முடித்து அடுத்ததற்குத் திரும்ப அதற்கு நேரம் பிடிக்கிறது. ஈக்வினொக்ஸ் வெல்வது இங்கேதான். படகு கட்டும் இடங்களில் ஆணியும் கம்பியும் மண்டிக் கிடக்கும். அந்தக் குப்பைக்குள்ளிருந்து ஒரு சதத்தைப் பிரித்துச் சொல்ல அதனால் முடிகிறது. எடை 1.34 கிலோதான். எக்ஸ்கலிபர் இரண்டு கிலோவுக்கு மேல், அரை நாளில் தோள் சொல்லிவிடும். நீருக்குள் என்றால் கதை மாறுகிறது: எக்ஸ்கலிபர் 66 மீட்டர் ஆழம் தாங்கக் கட்டப்பட்டது, ஈக்வினொக்ஸ் 800 மூன்று மீட்டர். எக்ஸ்பி நிறுவனத்தின் டியூஸ் 2 கருவி இருபது மீட்டர் வரை போகும், விலைதான் தலைசுற்றும். பட்ஜெட் குறைவென்றால் நொக்டா லெஜென்டைப் பாருங்கள், அதுவும் பல அலைவரிசைக் கருவிதான்.

இனி, வெளிநாட்டு வீடியோக்களில் யாரும் சொல்லாத விஷயம். கருவிகளில் தெரிவுசெய்யக் கிடைக்கும் 'நாணயம்' என்ற தேடல் முறை அமெரிக்க நாணயங்களை மனத்தில் வைத்து அமைத்தது, இரும்பை ஒதுக்கிவிடும். நமது மத்திய வங்கி 2005 முதல் வெளியிட்ட ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் எல்லாம் பித்தளை முலாம் பூசிய உருக்கு. 2017இல் வந்தவை துருப்பிடிக்கா உருக்கு. இரும்பு விலக்கை இறுக்கி வைத்தால் இவற்றில் பலவற்றைக் கடந்து போய்விடுவீர்கள். நான் அதற்காகக் கவலைப்படுவதில்லை, ஐந்து ரூபாய்க்காக யார் குழி தோண்டுவது? பழைய செப்பு நிக்கல் ரூபாய்தான் தலைவலி: உலோகத்தை அடையாளம் காட்டத் திரையில் வரும் எண்களில் தாழ்ந்தவற்றில், சோடா டின் வளையங்களோடு கலந்து நிற்கும். அங்கே எந்த மொடலும் உதவாது, தோண்டித்தான் பார்க்க வேண்டும். 1870 முதல் வந்த விக்டோரியா காலத்துச் செப்புச் சதம் உயர்ந்த தொனியில் தெளிவாகப் பேசும். களிம்பேறிப் பச்சையாக வரும், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.

நமது கடலில் வற்றுப்பெருக்கு வித்தியாசம் சிறியது, வற்றுக்காகக் காத்திருந்து பயனில்லை. மாரியில் கடல் கரையை அரித்துப் படியாக வெட்டிவிட்டுப் போகும். அந்த வெட்டின் அடியில், மணல் திரும்பி மூடுமுன் தேடுங்கள்.

கொயில் இல்லாமல் இரண்டு கம்பிகளை நீட்டிக்கொண்டு, தூரத்துத் தங்கத்தைக் காட்டுவதாகச் சொல்லி விற்கும் 'ஸ்கேனர்' பக்கம் போகவே வேண்டாம். அது பழையதும் அல்ல, புதியதும் அல்ல, வெறும் ஏமாற்று. செய்தித்தாளில் புதையல் தோண்டிக் கைதானவர்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்திய நாணயம் தொல்பொருள். அனுமதியின்றி அதற்காகத் தோண்டுவது குற்றம். பிரட்றிக் கோட்டை, கோணேசர் மலை, பழைய கோயில் நிலங்கள் எதிலும் கருவியைத் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள். பித்தளைத் தோட்டா உறைகளும் நாணயம் போலவே ஒலிக்கும், ஆகவே மக்கள் நடமாடும் கரையோடு நில்லுங்கள். போர் நடந்த காட்டுப் பக்கம் வேண்டாம். இன்னதென்று தெரியாத ஏதாவது மணலில் முகம் காட்டினால், அது சிறியதானாலும் வெடிபொருளாக இருக்கலாம், கையை எடுத்துவிட்டு 119க்கு, பொலிஸுக்கு, அழையுங்கள்.

மாமா இலவசமாகத் தந்தால் ஏஸை வாங்கிக்கொள்ளுங்கள், காய்ந்த மணலில் காது பழகும். கொயிலை மட்டும் நனைக்கலாம், பெட்டியை அல்ல. விலை கேட்டால் வேண்டாம், அந்தக் காசை ஈரமணலுக்கான கருவிக்குச் சேருங்கள்.