பிஎச்பியில் ஆப்ஜெக்டை அரேயாக மாற்றினால் உள்ளே இருப்பது மாறவில்லையே, ஏன்?

முன்னால் அடைப்புக்குறிக்குள் அரே என்று போட்டு மாற்றுகிறீர்கள், சரி, ஆனால் அந்த காஸ்ட், அதாவது வகை மாற்றம், மேல் அடுக்கை மட்டும்தான் தொடும். உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட் அப்படியே நிற்கும். இன்னொரு வம்பும் உண்டு. யூசர் கிளாஸில் நேம் என்று ஒரு பிரைவேட் பிராப்பர்ட்டி இருந்தால், அச்சிட்டுப் பார்க்கும்போது கீ ‘யூசர்நேம்’ என்று தெரியும், அதையே கொடுத்துத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் கிளாஸ் பெயருக்கு இருபுறமும் கண்ணுக்குத் தெரியாத ‘நல்’ என்ற வெற்று எழுத்து ஒட்டியிருக்கும் (இதில் ஒரு மாலை முழுக்கத் தொலைத்தவன் நான்).

அடி வரை மாற, ஜேசனாக (டேட்டாவை எழுத்து வடிவில் வைக்கும் முறை) என்கோட் செய்து, திரும்ப டிகோட் செய்யும்போது இரண்டாவது ஆர்கியுமென்டாக ட்ரூ கொடுங்கள். பொதுவாக பப்ளிக் பிராப்பர்ட்டிகள் மட்டும்தான் வரும். டேட்டா ஜேசனாகவே வந்ததா? அப்படியென்றால் முதல் டிகோடிலேயே ட்ரூ போட்டுவிடுங்கள்.